எஃப்1 2010: உரிமம் பெற்ற பந்தய ஆட்டத்துக்காக ரசிகர்கள் காத்திருந்த வரலாறு

எஃப்1 2010 என்பது இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2010 செப்டம்பரில் வெளியிட்ட கார்ப் பந்தய வீடியோ கேம் ஆகும். பார்முலா 1 உலக வாகையர் போட்டியின் முறையான உரிமம் பெற்ற இந்த ஆட்டம் கணினி, ப்ளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய மூன்றிலும் வந்தது. கணினியில் விளையாடுவோருக்கு இப்படி ஓர் ஆட்டம் கிடைத்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு விளையாட்டின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தும் உரிமை ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் ரசிகர்களுக்கு என்ன நேர்கிறது, அவர்கள் எதைக் கேட்கிறார்கள், கேட்டதில் எது கிடைக்கிறது என்பதை அறிய, இந்த ஆட்டம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டுகள் நல்ல சான்றாக உள்ளன.

பெயர்கள் யாருக்குச் சொந்தம்?

1991இல் ஜாஃப் கிராமண்ட் உருவாக்கி மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட பார்முலா ஒன் கிராண்ட் பிரீ ஆட்டத்தில், கார்களின் நிறங்கள் அந்த ஆண்டுப் பந்தயங்களில் ஓடிய கார்களை ஒத்திருந்தன, ஓடுதளங்களும் உண்மையானவையே. ஆனால் ஓட்டுநர்களின் பெயர்கள் கற்பனைப் பெயர்கள். காரணம், அந்த ஆட்டத்துக்கு உரிமம் இல்லை. பெயர்களை மாற்றிக்கொள்ளும் வசதி ஆட்டத்திலேயே இருந்ததால், வாங்கியவர்கள் முதல் வேலையாகச் சென்னா, மான்செல், ப்ரோஸ்ட் என்று தாங்களே தட்டச்சு செய்துகொண்டார்கள். ரசிகர்கள் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே நிறைவு செய்துகொள்ளும் பழக்கம் இங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

இதன் தொடர்ச்சியான கிராண்ட் பிரீ 2, 1996இல் முறையான உரிமத்தோடு வந்தது. உண்மையான அணிகளும் ஓட்டுநர்களும் அதில் இடம்பெற்றனர். ஆனால் அதில் இருந்தது 1994ஆம் ஆண்டின் பருவம். கடைக்கு வந்தபோது அதன் அணிப் பட்டியல் இரண்டு ஆண்டு பழையதாகிவிட்டது. அதே 1996இல் சிக்னாசிஸ் நிறுவனம் ப்ளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட பார்முலா 1 ஆட்டமும் முந்தைய ஆண்டின் பருவத்தையே தந்தது. அக்கால ரசிகர்கள் இதைப் பெரிய குறையாகக் கருதவில்லை. நடப்பு ஆண்டின் பந்தயம் அதே ஆண்டிலேயே ஆட்டமாகக் கிடைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பின்னாளில் வளர்ந்தது.

உரிமம் வாங்கிவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. 1997ஆம் ஆண்டின் உலக வாகையர் ஜாக் வில்நோவ் தன் பெயரின் வணிக உரிமையைத் தானே வைத்துக்கொண்டார். அதனால் அந்தப் பருவத்தை அடிப்படையாகக் கொண்ட ஆட்டங்களில் அவர் கார் இருந்தது, பெயர் இல்லை. நின்டென்டோ 64 ஆட்டம் ஒன்றில் அவர் வெறும் 'டிரைவர் வில்லியம்ஸ்' ஆனார். பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தைக் கணினி ஆட்டத்தில் ஓட்டிப் பழகி, 1996இல் அங்கே தொடக்க வரிசையின் முதலிடத்தைப் பிடித்தவர் என்று பேசப்பட்டவரும் இவரே என்பது வேடிக்கையான முரண்.

தனியுரிமக் காலம்

2000ஆம் ஆண்டு முதல் சில காலம் இந்த உரிமம் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடம் இருந்தது. இஏ ஸ்போர்ட்ஸ் ஆண்டுக்கு ஒன்றாவது வெளியிட்டது; சோனியும் வெளியிட்டது; கிராமண்டின் கிராண்ட் பிரீ 4 ஆட்டமும் 2002இல் வந்தது. போட்டி இருந்ததால் தரமும் இருந்தது. குறிப்பாக கிராண்ட் பிரீ 4இன் மழை பல ஆண்டுகள் பேசப்பட்டது. ஓடுதளத்தின் ஒரு பகுதி நனைந்திருக்க மறு பகுதி காய்ந்திருக்கும். கார்கள் ஓட ஓட, ஓடும் கோடு மட்டும் முதலில் உலரும்.

2003 பருவம் முதல் சோனி தனியுரிமம் பெற்றது. அதற்குப் பிறகு முறையான பார்முலா 1 ஆட்டம் வேண்டுமென்றால் ப்ளேஸ்டேஷன் வாங்கியாக வேண்டும் என்ற நிலை வந்தது. இஏ தன் கடைசி ஆட்டங்களை 2003இல் வெளியிட்டபோது, அவற்றில் 1999 முதல் 2002 வரையான நான்கு பருவங்களையே தர முடிந்தது. நடப்பு ஆண்டைத் தொட அதற்கு உரிமை இல்லை. கணினிக்கான எஃப்1 சேலஞ்ச் '99-'02 இவ்வாறு உருவானது. ஒரு முடிவுரையாக வந்த அந்த ஆட்டம், ரசிகர்களின் கையில் வேறொன்றின் தொடக்கமாக மாறியது.

அந்த ஆட்டத்தின் கோப்புகளைத் திறந்து மாற்ற முடிந்தது. அடுத்த ஆண்டின் கார்கள், தலைக்கவச வண்ணங்கள், புதிய ஓடுதளங்கள் என்று ரசிகர் குழுக்கள் உருவாக்கி இலவசமாகப் பகிர்ந்தன. இவற்றை மாட் என்பார்கள். 2005இல் ஆர்ஃபேக்டர் என்ற கணினி ஆட்டம் வந்தபின் இந்த வேலை இன்னும் பெருகியது. அது மாட் செய்வோரை எதிர்பார்த்தே கட்டப்பட்ட ஆட்டம். சில மாட்களின் கார் வடிவங்கள் கடையில் விற்ற ஆட்டங்களுக்குக் குறைந்தவை அல்ல. உரிமம் பெற்ற ஆட்டங்களில் பெரும்பாலும் நீக்கப்பட்ட புகையிலை நிறுவன விளம்பரங்கள்கூட இவற்றில் அப்படியே இருந்தன. இவை எதற்கும் யாரிடமும் அனுமதி கிடையாது.

சோனியின் லிவர்பூல் கூடம் இக்காலத்தில் ஆண்டுதோறும் ஆட்டங்களை வெளியிட்டது. அவற்றில் பார்முலா ஒன் 05 நமக்கு ஒரு வகையில் முக்கியமானது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அந்த ஆண்டு ஜோர்டான் அணிக்காக ஓட்டினார். பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. அந்த ஆட்டத்தில் அவர் பெயரைத் தேர்ந்தெடுத்து ஓட்ட முடிந்தது.

ப்ளேஸ்டேஷன் 3க்காக வந்த பார்முலா ஒன் சாம்பியன்ஷிப் எடிஷன், 2006 பருவத்தைத் தந்தது. அதோடு சோனி நிறுத்திக்கொண்டது. விளைவு வியப்பானது. லூயிஸ் ஹாமில்டன் அறிமுகமான 2007 பருவத்துக்கும், அவர் முதல்முறை உலக வாகையரான 2008 பருவத்துக்கும் முறையான ஆட்டமே இல்லை. பார்முலா 1 பல நாடுகளில் புதிய ரசிகர்களைப் பெற்ற அந்த இரண்டு ஆண்டுகள் ஆட்ட வரலாற்றில் வெற்றிடமாக நிற்கின்றன.

2008 அறிவிப்பும் ஐயமும்

2008 மே மாதம், உரிமம் இனி தன்னிடம் என்று கோட்மாஸ்டர்ஸ் அறிவித்தது. காலின் மெக்ரே பெயரில் வந்த ராலி ஆட்டங்களாலும், டோகா கார்ப் பந்தய ஆட்டங்களாலும் பெயர் பெற்ற நிறுவனம் அது. வேலை பர்மிங்காம் கூடத்துக்குக் கொடுக்கப்பட்டது.

மகிழ்ச்சியோடு ஐயமும் எழுந்தது. அதே ஆண்டு வந்த கோட்மாஸ்டர்ஸின் கிரிட் ஆட்டத்தில், மோதிவிட்டால் நேரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி மீண்டும் ஓட்டும் வசதி இருந்தது. பலருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஐந்து ஆண்டுகளாக மாட்களில் ஸ்டீரிங் வீல் வைத்து ஓட்டிப் பழகியவர்களுக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தோன்றியது. கார் வளைவில் எப்படி எடை மாற்றுகிறது, டயர் எப்போது பிடி இழக்கிறது என்பதெல்லாம் அவர்கள் அக்கறை. தொலைக்காட்சியில் பந்தயம் பார்த்துவிட்டு, கேம்பேடை எடுத்து ஒரு மணி நேரம் ஓட்ட விரும்பியவர்கள் இன்னொரு பெரிய கூட்டம். ஒரே ஆட்டம் இரு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் உரிமம் ஒன்றே ஒன்றுதான். பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போக வழியில்லை. மற்ற ஆட்டங்களைப் பற்றிய எதிர்பார்ப்புகளிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான். போரைப் பற்றிய ஓர் ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் போரைப் பற்றியே இன்னொன்று வாங்கலாம்.

முதலில் வந்தது எஃப்1 2009. சுமோ டிஜிட்டல் நிறுவனம் உருவாக்கிய அது வீ, பிஎஸ்பி போன்றவற்றுக்கு மட்டும் வந்தது. ஜென்சன் பட்டன் வென்ற அந்தப் பருவத்தைப் பெரிய திரையில் விரிவாக ஓட்டிப் பார்க்க நினைத்தவர்கள் இன்னும் ஓராண்டு பொறுக்க வேண்டியதாயிற்று.

ரசிகர்கள் கேட்டவை

எஃப்1 2010 பற்றிப் படங்களும் செய்திகளும் வரத் தொடங்கியபோது, ரசிகர்கள் கேட்ட கேள்விகளில் காரின் தோற்றம் பற்றியவை குறைவு. தோற்றம் நன்றாக இருக்கும் என்பதை அவர்கள் ஏற்கெனவே நம்பினார்கள். கேள்விகள் பெரும்பாலும் பந்தய விதிகளைப் பற்றியவை. மழை வருமா? சேஃப்டி கார் வருமா? 24 கார்களும் ஒரே நேரத்தில் ஓடுமா? தகுதிச் சுற்று மூன்று பகுதிகளாக இருக்குமா? தவறுக்குத் தண்டனை உண்டா?

இவற்றில் மழையும் சேஃப்டி காரும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அறிய 2008ஆம் ஆண்டைப் பார்த்தால் போதும். அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் பிரேசிலில் நடந்தது. முடியும் தறுவாயில் மழை பெய்தது. காய்ந்த தடத்துக்கான டயரோடு வெளியே இருந்த டிமோ க்ளோக்கின் கார் வேகம் இழக்க, கடைசிச் சுற்றின் இறுதி வளைவுகளில் ஹாமில்டன் அவரைக் கடந்து ஐந்தாம் இடம் பிடித்தார். ஃபெலிப் மாசாவை விட ஒரே ஒரு புள்ளி அதிகம் பெற்று வாகையரானார். மழை இல்லாத ஆட்டத்தில் இப்படி ஒரு முடிவு சாத்தியமே இல்லை.

அதே ஆண்டு சிங்கப்பூரில் நடந்தது இன்னும் விசித்திரம். ரெனோ அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் தன் காரைச் சுவரில் மோதினார். சேஃப்டி கார் வெளியே வந்தது. அதற்குச் சற்று முன்பே டயர் மாற்றி முடித்திருந்த அவருடைய அணித் தோழர் ஃபெர்னாண்டோ அலோன்சோ முன்னேறி வென்றார். மோதல் வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பது 2009இல் அம்பலமாகி, அணித் தலைவர் பதவி விலகினார். ஆக, சேஃப்டி கார் என்பது ஓடுதளத்தில் முன்னே செல்லும் ஓர் அலங்கார வண்டி அல்ல. அது வந்தால் முந்திச் சென்றவர் சேர்த்த இடைவெளி கரைந்துவிடும். பிட் ஸ்டாப் திட்டங்கள் தலைகீழாகும். அது இல்லாத ஆட்டத்தில் பந்தயத்தின் கணக்கே வேறு.

மழை உண்டு என்று நிறுவனம் முன்கூட்டியே உறுதி கூறியது. தண்ணீர் தேங்குவதும் தடம் உலர்வதும் பகுதி பகுதியாகக் கணிக்கப்படும் என்றும் விளக்கியது. முன்னாள் சூப்பர் அகுரி ஓட்டுநர் ஆண்டனி டேவிட்சன் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தது நம்பிக்கை தந்தது. ஆட்டக்காரர் சிறிய அணியில் தொடங்கி, செய்தியாளர்களுக்குப் பதில் சொல்லி, பெரிய அணிக்கு உயரும் தொழில்வாழ்க்கை முறையும் அறிவிக்கப்பட்டது. சேஃப்டி கார் மட்டும் இல்லை என்ற செய்தி வெளியீட்டுக்கு முன்பே தெரியவந்தது. பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றும், வென்றவர்கள் மேடையில் நிற்கும் காட்சியும்கூட இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் பருவத்தைத் துரத்துதல்

நடப்பு ஆண்டின் பந்தயத்தை நடப்பு ஆண்டிலேயே விற்பதில் ஒரு சிக்கல் உண்டு. பந்தயம் யாருக்காகவும் நிற்பதில்லை. 2010இல் விதிகள் பெரிதும் மாறின. பந்தயத்தின் நடுவில் எரிபொருள் நிரப்புவது தடை செய்யப்பட்டது. வென்றவருக்குப் 10 புள்ளிக்குப் பதில் 25 புள்ளி. லோட்டஸ், வர்ஜின், ஹிஸ்பானியா என மூன்று புதிய அணிகள். மைக்கேல் ஷூமாக்கரின் மறுவருகை. மார்ச் மாதம் பஹ்ரைனில் நடந்த முதல் பந்தயம் மந்தமாக இருந்ததால், எரிபொருள் தடை விளையாட்டையே கெடுத்துவிட்டது என்ற புலம்பல் எழுந்தது. உண்மையைப் போல ஓர் ஆட்டம் வேண்டும் என்று கேட்டவர்கள், உண்மையே சலிப்பாக இருந்தால் என்ன செய்வார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அடுத்து ஆஸ்திரேலியாவிலும் சீனாவிலும் பெய்த மழை பந்தயத்தையும் காப்பாற்றியது, மழைக்கான எதிர்பார்ப்பையும் கூட்டியது.

ஆட்டத்தின் ஓட்டுநர் பட்டியல் பருவத் தொடக்கத்தின்படி உறைந்து நின்றது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், ஹிஸ்பானியா அணிக்காக அந்த ஆண்டின் முதல் 10 பந்தயங்களில் மட்டுமே ஓட்டினார். ஜூலையில் அவருக்குப் பதில் வேறொருவர் அமர்த்தப்பட்டார். செப்டம்பரில் வெளியான ஆட்டத்திலோ அவர் 19 பந்தயங்களுக்கும் உரியவராக இருந்தார். உரிமம் பெற்ற ஆட்டம் சில நேரங்களில் ஓட்டுநரின் அணியைவிடக் கருணை உள்ளதாக அமைந்துவிடுகிறது.

தென் கொரியாவின் யோங்கம் ஓடுதளத்தின் கதை இதற்கு நேர்மாறானது. உண்மையான தளம் அப்போது கட்டி முடிக்கப்படவில்லை. பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் ஒப்புதல் பந்தயத்துக்கு இரண்டு வாரங்களுக்கும் குறைவான நாட்கள் இருக்கும்போதே கிடைத்தது. ஆட்டத்தில் அந்தத் தளம் அதற்கு முன்பே தயார். இன்னும் பந்தயம் நடக்காத தளத்தில் ரசிகர்கள் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

வெளியீடு

ஆட்டம் வெளிவந்தபோது மழை எல்லாரையும் கவர்ந்தது. நனைந்த தடத்தில் முன்செல்லும் கார் எழுப்பும் நீர்த்திரை, கண் மறைக்கும் நொடிகள், மெல்ல மெல்ல உலரும் கோடு, எந்தச் சுற்றில் டயர் மாற்றுவது என்ற தடுமாற்றம் ஆகியவை மாட்களில் கிடைக்காதவை. கார் ஓட்டும் உணர்வும் இரு தரப்பையும் ஓரளவு நிறைவு செய்தது. 24 கார்களும் ஓடின. நேரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் வசதி இருந்தது, வேண்டாதவர் அணைத்துவிடலாம். வலைவழி ஆட்டத்தில் மட்டும் 12 பேருக்கு மேல் சேர முடியவில்லை.

குறைகள் சில நாட்களிலேயே வெளிப்பட்டன. சிலருக்குச் சேமித்த ஆட்டக் கோப்பு சிதைந்து, பல வாரத் தொழில்வாழ்க்கை அழிந்தது. பிட்டில் டயர் மாற்றி முடித்த பின்னும், பிற அணிகளின் கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும்வரை ஆட்டக்காரரின் கார் விடப்படாமல் நிறுத்தப்பட்டது. வேறு எந்தக் குறையையும்விடக் கோபத்தைக் கிளப்பியது கணினி ஓட்டும் கார்களின் சுற்று நேரம். திரையில் காட்டப்படும் நேரத்துக்கும் அந்தக் கார்கள் உண்மையில் ஓடுவதற்கும் பொருத்தமில்லை என்று ஆட்டக்காரர்கள் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டுக் குற்றம் சாட்டினர். தடத்தில் கார்கள் உண்மையாகவே ஓடுகின்றன என்று நிறுவனம் மறுத்தது. பின்னர் வந்த திருத்தப் பொதி பல குறைகளைச் சரிசெய்தது.

இந்தக் கோபம் அளவுக்கு மீறியது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பந்தயம் என்பதே நேரத்தின் கணக்கு. எதிராளியின் நேரம் உண்மையில் ஓடிப் பெற்றதா, எண்ணாக இட்டதா என்ற ஐயம் வந்துவிட்டால், தகுதிச் சுற்றில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்காக அரை மணி நேரம் போராடியவர் ஏமாந்ததாகவே உணர்வார். ஏழு ஆண்டுகள் மாட்களின் கோப்புகளை எண் எண்ணாகப் பிரித்துப் பார்த்துப் பழகிய ரசிகர்களிடம் எதையும் மறைக்கவும் முடியாது. இத்தனைக்குப் பிறகும் 2011இல் பாஃப்டா அமைப்பின் சிறந்த விளையாட்டு வகை ஆட்டத்துக்கான விருது எஃப்1 2010க்கே கிடைத்தது.

வெளியீட்டுக்கு ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 24 அன்று, கொரியாவில் முதல் பந்தயம் நடந்தது. கனமழை. கார்கள் சேஃப்டி காரின் பின்னாலேயே தொடங்கின. பிறகு பந்தயம் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தப்பட்டு, மீண்டும் தொடங்கி, பொழுது சாயும் வேளையில் முடிந்தது. அந்தத் தளத்தில் ஒரு மாதமாக ஓட்டிப் பழகிய ரசிகர்களால் அந்தத் தொடக்கத்தைத் தங்கள் ஆட்டத்தில் நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஆட்டங்களில்

எஃப்1 2011 அடுத்த ஆண்டு செப்டம்பரில் வந்தது. அதில் சேஃப்டி கார் இருந்தது. இருவர் ஒரே திரையில் ஓட்டும் வசதியும், இருவர் ஒரே அணியில் சேர்ந்து பருவம் முழுதும் ஓட்டும் முறையும் சேர்க்கப்பட்டன. முந்தைய ஆண்டின் புகார்ப் பட்டியலைப் படித்துத்தான் திட்டமிட்டார்கள் என்பது தெளிவு. கிரேட்டர் நொய்டாவின் புத் ஓடுதளமும் அதில் இடம்பெற்றது. உண்மையான முதல் இந்தியக் கிராண்ட் பிரீ அக்டோபர் 30 அன்றுதான் நடந்தது. நரேன் கார்த்திகேயன் ஹிஸ்பானியா காரோடு மீண்டும் வந்திருந்தார்.

2015இல் இதே கதை வேறு உருவில் திரும்பியது. ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்காக ஆட்டம் புதிதாகக் கட்டப்பட்டது. எஃப்1 2015 கண்ணுக்கு அழகாக இருந்தது. வெற்றி மேடைக் காட்சி இருந்தது. ஆனால் தொழில்வாழ்க்கை முறை நீக்கப்பட்டிருந்தது. சேஃப்டி காரும் இல்லை. ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற்றவை ஒரே வெளியீட்டில் மறைந்ததைக் கண்ட ரசிகர்கள் மீண்டும் பட்டியல் எழுதத் தொடங்கினர். 2016இன் ஆட்டத்தில் தொழில்வாழ்க்கை முறையும் சேஃப்டி காரும் திரும்பின. 2010இல் இல்லாதிருந்த அணிவகுப்புச் சுற்றும் அப்போது சேர்ந்துகொண்டது.